செவ்வாய்க்கிழமைத் தேர்வு

"ஹ்வாயொயில்," என்றாள்.

அவளுடைய கொரிய மொழி வகுப்பு திருப்பிச் சொன்னது. கடைசி பெஞ்சில் ஒரு வாய் மட்டும் சும்மா அசைந்தது.

அவனை எழுப்பி நிறுத்தினாள். கோகுலவாசன். ஒரகடத்தில் கார் கம்பெனி எஞ்சினியர். துரைக்குக் கொரியா போக ஆசை. வாய்த்தேர்வில் தேறினால்தான் விமானம்.

தனியாகச் சொல்லச் சொன்னாள். சொன்னான்.

இன்னொரு முறை.

இன்னொரு முறை.

ஹ்வாயொயில் என்றால் செவ்வாய்க்கிழமை. கொரியாவிலும் அதே செவ்வாய்க் கிரகத்தின் நாள்தான். அங்கே அந்தக் கிரகம் யார் கல்யாணத்தையும் நிறுத்துவதில்லை.

போன தை மாதம் இவன் காஞ்சிபுரத்தில் அவள் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தான். பெண் பார்க்க வந்திருந்தார்கள். அவன் அம்மா கேசரியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

மாதம் முடிவதற்குள் புதிதாக ஒரு ஜோசியர் முளைத்தார். பெண்ணுக்கு எட்டில் செவ்வாயாம். பையன் உயிருக்கு ஆகாதாம்.

அவனே போன் செய்தான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லைங்க, அம்மாதான் என்று இழுத்தான்.

அவ்வளவுதான். ஆறடி உயரம். ஒரு வாக்கியத்தை முடிக்க வக்கில்லை.

இங்கே முதல் நாள் அவளைப் பார்த்ததும் கடைசி பெஞ்சுக்கு ஓடிவிட்டான். ஒரு வணக்கம்கூட இல்லை.

வகுப்பு முடிந்தது.

தேர்வு செவ்வாயும் புதனும். அவரவர் தமக்கு வேண்டிய கிழமையைக் கொரிய மொழியில் கேட்டு வாங்க வேண்டும். அவள் போர்டில் எழுதுவாள். எழுதினால் எழுதியதுதான். தமிழில் கேட்டால் அவளுக்குக் காது கேட்காது. எந்த வகுப்பிலும் அவள் சட்டம் இதுதான்.

எல்லோரும் போனபின் வந்தான். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மேடம், புதன் குடுத்துடுங்க. செவ்வாய் வெறுவாய்னு வீட்ல சொல்றாங்க. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லைங்க. அம்மாதான்..."

அதே வாக்கியம். நின்றதும் அதே இடத்தில்.

இதை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கிறான்.

புதனே கொடுத்துத் தொலைக்கலாம் என்றுதான் இருந்தாள். இப்போது காதைத் தொட்டுக் காட்டினாள். கேட்கவில்லை.

அவன் போர்டைப் பார்த்தான். கிழமைகளின் கொரியப் பெயர்களை அவள் அழித்திருந்தாள். உதட்டை நனைத்துக்கொண்டான்.

"ஹ்வாயொயில்," என்றான்.

அவன் வாயில் ஏறியிருந்தது அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கு நேரே அவன் பெயரை எழுதினாள்.

என்ன கேட்டோம் என்பது அவனுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. முகம் செத்துப்போயிற்று. அம்மாவுக்குப் பயந்து தேர்வையே விட்டுவிடுவான் என்று நினைத்தாள். விட்டுத் தொலையட்டும். இவனுக்கெல்லாம் கொரியா ஒரு கேடு.

அவன் போன் அடித்தது. திரையில் அம்மா.

எடுத்தான்.

"புதன்தான்மா. ஆமா, புதன். செவ்வாய்லாம் இல்ல, நீ நிம்மதியா இரு."

குரல் நடுங்கவில்லை. கண்கூட இமைக்கவில்லை. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, செவ்வாய்க்கிழமை வந்துவிடுகிறேன் மேடம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

அவள் சாக்பீஸோடு நின்றாள்.

அம்மாவிடம் பொய் சொல்ல அவனுக்குத் தெரிந்திருக்கிறது.