மூசாங்குக்குப் பால்

தம்பிராஜா அடுப்படிக்குள் நுழைந்தபோது மூசாங் என்கிற மரநாயின் குட்டி என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது.

பழந்துணியைத் திரியாக முறுக்கிக் கிண்ணத்தில் தோய்த்து வாயோரம் வைத்தால் சப்பும். மல்லாத்திக் கொடுத்தால் பால் நெஞ்சுக்குள் போய்விடும். குப்புறப் படுக்கவைத்துத்தான் கொடுக்க வேண்டும். குடித்து முடித்ததும் ஈரத்துணியால் அடிவயிற்றைத் தடவினால்தான் மூத்திரம் போகும்.

புக்கிட் காதில் பக்கம் மரவள்ளி நட ஜப்பான்காரன் காடு வெட்டச் சொல்லியிருந்தான். விழுந்த மரத்தின் பொந்தில் தாய் மூசாங் நசுங்கிக் கிடந்தது. கண் திறக்காத குட்டி மட்டும் முனகியது.

காடு வெட்டப் போன பக்கத்து வீட்டு அப்பு, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய சிட்டித் தமிழர், அதைச் சாரத்தில் சுருட்டிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

இப்போது கண் திறந்துவிட்டது. வால் தடித்துவிட்டது. பிழைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும்.

தம்பிராஜா பங்கீட்டுக் கடை அதிகாரி. அந்த மாதம்தான் எங்கள் காஜா பெராங்குக்கு மாற்றலாகி வந்தவர். குனிந்து குட்டியின் வாயை மோந்து பார்த்தார்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கே கஞ்சித்தண்ணிதான். மூசாங்குக்குப் பாலா? அடுத்து என்னம்மா, தொட்டில் கட்டப் போறியா?"

அவரோடு வந்த ஆள் சிரித்தான்.

பால் டின் சிப்பாய்களுக்கு மட்டும்தான். ஒளித்துவைத்த டின் ஒன்று அகப்பட்டால் ஜப்பான் ராணுவப் போலீஸ் கெம்பித்தாய்க்குத் தகவல் போகும். என் கணவரை ஏற்கெனவே சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிப் போயிருந்தார்கள். என்னையும் கொண்டுபோனால் குட்டி மறுநாளைப் பார்க்காது. எனக்கு அது ஒன்றுதான் கவலை.

"டின் கிடையாது. தேடிக்கோங்க."

பானைகளைக் கவிழ்த்தார்கள். விறகைக் கலைத்தார்கள். சாமி மாடத்துக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தார்கள்.

"அப்ப எங்கேருந்து வருது இந்தப் பால்?"

சொல்லியிருக்கலாம். அந்த வாய்க்குச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. திரியை மறுபடி தோய்த்தேன். குட்டி முன்னங்காலால் என் விரலைப் பற்றிக்கொண்டு சப்பியது.

தம்பிராஜா கிண்ணத்தை எடுத்துத் துண்டால் மூடினார். சாட்சிக்காம். கிளம்பு என்று கையைக் காட்டினார்.

அப்போது அப்புவின் மனைவி காமாட்சி அக்கா பின்வாசலால் வந்தார். அவர்கள் வீட்டில் மலாய்தான் பேச்சு. என்னை ஆடேக் என்றுதான் கூப்பிடுவார், தங்கச்சி என்று. ஆண்கள் நிற்பதைக் கவனிக்காமல் கையிலிருந்த வாழையிலையைப் பிரித்து நீட்டினார். மல்லிகை மொட்டு, இலை நிறைய. கூடவே ஒரு நீளத் துணி.

"இன்றைக்காவது கட்டிக்கொள், ஆடேக்," என்றார் மலாயில்.

கைக்குழந்தையை மண்ணுக்குக் கொடுத்தவள் மார்பில் மல்லிகையை வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும். பிள்ளை பெற்ற வீட்டு ஆண்களுக்கும் அது தெரியும்.

தம்பிராஜா பூவைப் பார்த்தார். துண்டை விலக்கினார். கிண்ணத்தைச் சிந்தாமல் என் பக்கத்தில் வைத்துவிட்டு, கூட வந்தவனைத் தோளில் பிடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

நான் குட்டியைக் குப்புறப் போட்டுக்கொண்டேன்.

"பூவை மாரியம்மனுக்குப் போட்டுடுங்கக்கா. இது இன்னும் பால் மறக்கல."