சன்னலில் நிற்கும் மாடி பஸ்

தர்மபுரி மாவட்டத்திலேயே சொந்தமாக மாடி பஸ் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். அதில் செத்துப்போன கண்டக்டர் தினமும் நாலு மணிக்கு மணி அடிக்கிறான். இதைச் சொன்னால் மாரண்டஹள்ளியில் கோழிகூடச் சிரிக்கிறது. பஸ் ஒரு சாண் நீளம். வெளியே சொல்லும்போது ஒரு முழம். சீமையில் ஏதோ சின்னக் கம்பெனி ஓட்டிய பழைய பஸ்ஸை அப்படியே சுருக்கி வார்த்த பொம்மை. நான் டிரைவராக இருந்த பஸ்ஸில் இருபது வருடம் கண்டக்டராக இருந்த சவரி, சாகும்முன் என்னிடம் கொடுத்தது. இன்று அவன் மனைவி பாக்கியமேரி அதைத் திரும்பக் கேட்டு வந்து நிற்கிறாள். சாய்ந்த வெயில் மேல்மாடிக்குள் புகுந்து, காலி சீட்டுகளில் ஆள் உட்கார்ந்திருப்பது போல நிழல் விழுகிறது. அவள் பஸ்ஸை எடுத்துக் குலுக்குகிறாள்.

“உள்ள மணியே இல்லீங்களேண்ணா. பொய்க்கும் மாடி கட்டிட்டீங்களா?”

“நாலு மணியாகட்டும். ரெண்டு அடிப்பான், ரைட்டுன்னு.”

“அடிக்கலீன்னா எடுத்துட்டுப் போயிருவேன். அவரு சாமான் எங்க வூட்டுல இருக்கோணும்.”

வெளியே நாலு மணி ஓசூர் பஸ் போகிறது. சன்னல் கம்பி அதிர்ந்து நிற்கிறது. தெருப்புழுதி அடங்கிய பிறகு, அவள் கையிலிருக்கும் பஸ்ஸுக்குள் மணி கேட்கிறது. இரண்டு முறை கணீரென்று. சற்று விட்டு, மெதுவாக இன்னொன்று. அந்த மூன்றாவதை நான் இதுவரை கேட்டதில்லை. பாக்கியமேரி பஸ்ஸைச் சன்னலில், ரோட்டைப் பார்க்க வைக்கிறாள். விரல் மட்டும் அதன் கூரையிலேயே இருக்கிறது.

“வூட்டுக்கு வந்தா கதவயும் அப்படித்தான் தட்டுவாரு. மூணாவது எனக்குன்னு மெதுவா தட்டுவாரு. இங்கயே இருக்கட்டும். அடிச்சதுங்கண்ணா.”