முதலாளி தலையாட்டுகிறார்

கூட்ட அறையில் ஊர்க்காரர்கள் பத்துப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நாங்கள் இழுக்காத காற்று அறையில் மிஞ்சிப்போய், சன்னல் திரை வெளியே உப்பிக்கொண்டு நிற்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் வெளிநாட்டு பம்ப் கம்பெனி முதலாளி. அவருடைய தொழிற்சாலை நம் ஊருக்கு வந்தால் நானூறு பேருக்கு வேலை. வராவிட்டால் நம் பிள்ளைகள் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். அவர் பக்கத்தில், மொழிபெயர்க்க என் தங்கை மகள். அவர் நாட்டில், அவர் வீட்டு மாடியிலேயே வாடகைக்கு இருந்து நான்கு வருஷம் படித்தவள். அவள் சொல்லித்தான் அவர் வரைபடத்தில் நம் ஊரைத் தேடியிருக்கிறார். "ஃபேக்டரியை இங்கேயே வச்சுக்கலாமா சார்?" என்கிறார் தொழில்துறை அதிகாரி. முதலாளி பேனா மூடியைத் திருகியபடி தலையை இடமும் வலமுமாக ஆட்டுகிறார். அவர் ஆட்டுகிற வேகத்தில் எழும் காற்று என் வழுக்கையில் சிலுசிலுவென்று படுகிறது. அதிகாரியின் முகம் தொங்கிப்போகிறது. வெளிநாட்டுக்காரர் அப்படி ஆட்டினால் 'முடியாது' என்று எங்களுக்கு ஒருநாள் முழுக்க வகுப்பு எடுத்தவரே அவர்தான். "போச்சுய்யா" என்று ஃபைலை மூடுகிறார்.

தங்கை மகள் துள்ளி எழுகிறாள். "சார், மூடாதீங்க! சரின்னுதான் சொல்றாரு. என்னைப் பாத்துக் கத்துக்கிட்டது!"

"உன்னையா?" என்கிறேன்.

"ஆமா மாமா. ரூம் புடிச்சிருக்கான்னு மொதநாள் கேட்டாரு. நான் இப்படித்தான் ஆட்டினேன். புடிக்கலன்னு நெனச்சு இன்னும் ரெண்டு ரூம் காட்டினாரு!"

முதலாளியின் பேனா தாளில் இறங்குகிறது. கையெழுத்து வளைந்து வளைந்து ஓடுகிறது. எங்கள் பத்துத் தலைகளும் ஒரே வேகத்தில் இடமும் வலமுமாக ஆடுகின்றன. அந்தக் காற்றில் மேசைத் தாள்கள் படபடக்கின்றன. வாசலில் நிற்கும் காவலாளி உள்ளே வந்து மின்விசிறியை நிறுத்துகிறார்.