பதில் சைகை

சரத்குமார் கட்டைவிரலைக் கீழே கவிழ்த்துக் காட்டினான். கரையில் நின்ற கூட்டம் ஒருசேர உச்சுக் கொட்டியது.

“அடப் பாவமே, ஆளு கெடைக்கலயாம்” என்றார் ஒரு பெரியவர்.

“அதில்லைங்க. உள்ளார போறேன்னு அர்த்தம்” என்று வெடுக்கென்று சொன்னாள் பரிமளா. தன் புருஷன் காட்டுகிற சைகைக்கு ஊரான் அர்த்தம் சொன்னால் அவளுக்குப் பொறுக்குமா? வீட்டில் அப்பனும் மகனும் சோற்றுத் தட்டுக்கு முன்னால் கையாலேயே பேசிக்கொள்வார்கள். பார்த்துப் பார்த்து அவளுக்கும் அத்தனையும் பாடம்.

முதுகில் சிலிண்டரோடு சரத்தும் ஜோடி ஆள் அரவிந்தனும் முங்கினார்கள். அரியலூருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் வெட்டிக் கைவிட்ட பள்ளம் அது. தண்ணீர் பச்சையாக, தெளிவாகத்தான் இருக்கும். ஆழம்தான் ஆளை விழுங்கிவிடும்.

பக்கத்தில் ஆடு மேய்க்கிற ஜெகதாம்பாள் உட்கார்ந்திருந்தாள். ஒரு பையன் குதித்து முங்கிப்போனதைக் கண்ணால் பார்த்தவள் அவள் ஒருத்திதான். கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியிருந்தது.

“நான் அந்தாண்ட கரையில நின்னேன் தாயி. சட்டையோடவே குதிச்சான். நல்லாத்தான் நீஞ்சுனான். நடுவால நின்னு என்னயப் பாத்து, தலையில கைய வெச்சான். முடியத் தொடச்சுக்கறான்னு நெனச்சேன். முங்குனவன் ஏறவேயில்ல!”

“எந்தூருப் புள்ள அது?”

“மொகம் தெரியலயே. பாரேன், அழுவறதுக்குக்கூட இன்னும் ஒருத்தரும் வரல.”

எவள் பெற்ற பிள்ளையோ, அவளுக்கு இன்னும் சேதி போகவில்லையே என்று பரிமளா அங்கலாய்த்தாள். ஆனாலும் கண் மட்டும் தண்ணீரை விட்டு நகரவில்லை. அவள் கவலை அவளுக்கு.

போன மாதம் ரஞ்சன்குடிப் பக்கம் ஒரு கிணற்றில் விழுந்தது அரவிந்தனின் மச்சான். சொந்தக்காரனைச் சொந்தக்காரன் தூக்கக் கூடாது என்பது அந்தத் தீயணைப்பு டீமில் வழக்கம். அரவிந்தனைக் கரையில் உட்கார வைத்துவிட்டு, சரத் ஒத்தை ஆளாக இறங்கினான். ஏறும்போது இடது காதில் ரத்தம். கொஞ்ச நாளைக்குத் தண்ணீர்ப் பக்கமே தலை வைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

கேட்டால்தானே! இன்றைக்கு போன் வந்ததும் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடிவிட்டான் மனுஷன். வீட்டைப் பூட்டி, விளையாடப் போன மகனுக்காகச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே வந்துவிட்டாள் பரிமளா. ஆபீசரைப் பிடி பிடியென்று பிடித்தாள்.

“அந்தக் காத வெச்சுக்கிட்டு அவரை எறக்குறீங்களே, உங்களுக்கே நியாயமா இருக்கா சார்?”

“நான் வேணாம்னுதாம்மா சொன்னேன். யாரு பெத்த புள்ளையோ, திருச்சியிலேருந்து ஆளு வர்ற வரைக்கும் உள்ளயே கெடக்கணுமான்னு கேக்குறாரு. நான் என்ன பண்றது?”

இப்போது பரிமளா குமிழிகள் வரும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிறுவாச்சூர் காளிக்கு மாவிளக்கு வேண்டிக்கொண்டாள். கடவுளே, அந்தக் காது மட்டும் தாங்கினால் போதும்.

குமிழிகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. முதலில் அரவிந்தனின் தலை தெரிந்தது. பிறகு சரத்தின் தலை. பரிமளாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கையை வளைத்து உச்சந்தலையில் வைத்துக் காட்டினாள். தூரத்தில் இருப்பவரிடம் ‘நான் நல்லா இருக்கேன், நீ எப்படி?’ என்று கேட்கிற சைகை அது. பார்த்தவர் பதிலுக்கு அதையே வைத்தாக வேண்டும்.

சரத் வைக்கவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்து அவளையே பார்த்தான். பிறகு கட்டைவிரலைக் கீழே கவிழ்த்தான்.

அரவிந்தன் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தான். தன் கட்டைவிரலை மேலே தூக்கிக் காட்டினான், ஏறு என்று. சரத் உதறினான். மறுபடி கீழே காட்டினான். அரவிந்தன் மறுபடி மேலே காட்டினான். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை, பரிமளாவுக்குப் புரிந்துவிட்டது.

“ஐயோ, காதுதான்! திரும்பக் காது போயிடுச்சு!” சரிவில் சறுக்கிக்கொண்டு ஓடினாள். “தம்பி, அவர வுட்டுடாத! புடிச்சு இழுத்துக்கிட்டு வா! ஒனக்குப் புண்ணியமாப் போவும்!”

அரவிந்தன் விடவில்லை. இடுப்பு வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கரையில் சேர்த்தான். சரத் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டான். பரிமளா அவன் தலையைத் திருப்பி, முந்தானையால் காதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

“காது நல்லாத்தானே இருக்கு? பின்ன எதுக்குங்க இப்புடி ஒக்காந்துட்டீங்க?”

அரவிந்தன் மறுபடி கண்ணாடியை இழுத்து மாட்டிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் திரும்பினான்.

“காதுக்காக இல்லைங்க அண்ணி… பெத்த புள்ளைய அப்பனே தூக்கக் கூடாது.”