தர்மபுரத்து எலி டொக்டர்

"எலியப் பத்திப் படிச்ச டொக்டரம்மா நீங்கதானுங்களே?"

முற்றத்தில் நின்ற, மலையகத்திலிருந்து வந்து அந்த ஊரில் வயல் செய்யும் ஆண்டியப்பனையும் மாயாண்டியையும் பார்த்து விமலேஸ்வரி திகைத்துப்போனாள். எண்பத்திரண்டாம் ஆண்டு அது. இங்கிலாந்தில் ஆராய்ச்சிப் படிப்பை முடித்துவிட்டு, அப்போதுதான் தர்மபுரம் வந்திருந்தாள். டொக்டர் என்று கேள்விப்பட்டு ஊரிலுள்ள காய்ச்சல்காரரும் வயிற்றுவலிக்காரரும் வந்து ஏமாந்து திரும்பியிருந்தார்கள். எலியைக் கேட்டு வந்தவர்கள் இவர்கள்தான்.

"ஓம், நான்தான். உள்ளுக்கு வந்து இருங்கோ."

அப்பா சிற்றம்பலம் கதிரைகளை இழுத்துப் போட்டபடி முணுமுணுத்தார். "இஞ்சை நாங்கள் மருந்து வைச்சுக் கொல்லுறம். இவள் அங்கை தீன் போட்டு வளர்த்திருக்கிறாள். வெளியிலை சொல்லவே வெக்கமாக் கிடக்கு."

"அப்படிச் சொல்லாதீங்கய்யா," என்றார் ஆண்டியப்பன். "நீங்க சொல்லுங்கம்மா. எலி ஒடம்புல என்ன படிச்சீங்க?"

ஊருக்கு வந்ததிலிருந்து ஒருவரும் அவளிடம் கேட்காத கேள்வி. விமலேஸ்வரிக்கு உற்சாகம் பொங்கியது.

"எலிக்குட்டி தாயின்ரை வயித்துக்குள்ளை உருவாகத் தொடங்கேக்கை, கண்ணுக்குத் தெரியாத கொஞ்ச உயிர்க்கலங்கள்தான் இருக்கும். எல்லாம் ஒரே மாதிரி. எதுவும் எதுவாயும் மாறலாம். பிறகுதான் ஒண்டு தோலாகும், ஒண்டு எலும்பாகும், ஒண்டு இதயமாகும்."

"நீ தோலு, நீ எலும்புன்னு யாரும்மா அதுக்குச் சொல்றது?" என்று கேட்டார் மாயாண்டி.

"நல்ல கேள்வி! முழு எலிக்குமான கட்டளையும் ஒவ்வொரு கலத்துக்குள்ளையும் கிடக்கு. பரம்பரையலகு எண்டு சொல்லுவம். அதிலை எது முழிச்சிருக்கு, எது நித்திரை கொள்ளுது எண்டதைப் பொறுத்துத்தான் கலம் என்னவாகும் எண்டது முடிவாகும்."

சிற்றம்பலத்துக்குப் பொறி தட்டியது. "அப்ப பல்லுக்கான கட்டளையை நித்திரையாக்கிவிடு பிள்ளை! பல்லில்லாத எலி எப்பிடி நெல்லைக் கொறிக்கும்?"

"ஐயையோ, வேணாமுங்க!" ஆண்டியப்பன் பதறி எழுந்தே விட்டார். "பட்டினி கெடந்து செத்துப்போயிருமுங்களே. பாவம், வாயில்லாத சீவன்."

விமலேஸ்வரிக்குக் கண் கலங்கியது. ஆய்வுகூடத்தில் கூட வேலை செய்தவர்களில் ஒருவர்கூட எலிக்காக இப்படிப் பதறிப் பார்த்ததில்லை.

"உங்கடை வயலை அழிக்கிற எலி. அதிலையும் இவ்வளவு இரக்கமோ அண்ணை?"

ஆண்டியப்பன் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டார். மாயாண்டி கதிரை நுனிக்கு நகர்ந்தார்.

"எதுவாயும் மாறும்னீங்களே, அந்தக் கலத்தத் தனியா எடுத்து வளக்க முடியுங்களா?"

"போன வருசம்தான் அதைச் செய்து காட்டினவை! எலிக் கருவிலையிருந்து பிரிச்செடுத்து, கண்ணாடித் தட்டிலை வளர்த்திருக்கினம். பழுதான உறுப்பைக்கூட அதாலை ஒருநாள் திருத்தலாம் எண்டு நான் நம்புறன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முகங்கள் பிரகாசித்தன. எலிகளின் மேல் இத்தனை அக்கறையுள்ள இரண்டு மனிதர்களை விட்டுவிட்டு இவ்வளவு காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டோமே என்று விமலேஸ்வரிக்குத் தோன்றியது.

"ஏதோ கேக்கத்தானே வந்தனீங்கள்? கூச்சப்படாமல் சொல்லுங்கோ. என்னாலை ஏலுமானதைச் செய்யிறன்."

ஆண்டியப்பன் வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எலிய ஒழிக்கணும்னு சொல்லி, வெட்டுன வாலக் கொண்டாந்து காட்டுனா வெவசாய ஆபீசுல உரம் குடுக்குறாங்கம்மா. எங்க வயல்ல இருந்த எலியெல்லாம் எப்பவோ தீந்துபோச்சு, நாங்க ரெண்டு பேரும் வீட்டுல கூடு கட்டி வளக்குறோம். ஆனா ஒரு எலிக்கு ஒரு வாலுதானே இருக்கு, வெட்டுன எடத்துல மறுபடியும் மொளைக்க வச்சுக் குடுங்க தாயி!"