கேக்கோடு போன கார்

பேக்கரிக்காரர் டெலிவரிக்குக் கிளம்பும்போது, கடை வாசலிலேயே இரண்டு பேர் காரை மறித்தார்கள்.

"ஃபைனான்ஸ் கம்பெனியிலேர்ந்து வரோம் சார். வண்டி மேல கடன் பாக்கி இருக்கு. சாவியைக் குடுங்க."

"யாரு கடன்? முழுப் பணம் குடுத்து வாங்கின வண்டிங்க இது."

"அதை வித்தவங்ககிட்ட கேளுங்க."

பின் சீட்டில் பிறந்தநாள் கேக் இருப்பது அவருக்கு ஞாபகம் வருவதற்குள் கார் தெருமுனையைத் தாண்டிவிட்டது. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவருக்குக் காது மடல்வரை சூடேறியது.

காரை விற்றவள் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் நர்ஸ். மாமனாருக்குத் தெரிந்த பெண். விலை பேசியது, பணம் கொடுத்தது, பேப்பர் வாங்கியது எல்லாமே மாமனார்தான்.

மாமனாரையும் டாக்சியில் ஏற்றிக்கொண்டு பேக்கரிக்காரர் நேரே லேபுக்குப் போனார்.

"நீங்க வெளியில இருங்க மாப்பிள்ளை. நான் தனியாப் பேசிட்டு வந்துடறேன்" என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தார் மாமனார்.

"உங்க நல்ல மனசைப் பார்த்துத்தான் மாமா உங்க தலையில மிளகாய் அரைச்சிருக்கா. சும்மா வாங்க."

லேபில் நல்ல கூட்டம். ஒரு பெரியவரின் கையில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள் நர்ஸ்.

"ஏம்மா, கடன் இருக்கிற வண்டியைக் கூசாம என் தலையில கட்டிட்டு, இங்க வந்து ஊருக்கு ஊசி போடறியா?"

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "கடனா? அது அப்பவே..."

ஏதோ சொல்ல வாயெடுத்தவளின் பார்வை அவரைத் தாண்டிப் போனது. அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லும்மா, எல்லாரும் கேக்கட்டும். என்ன கதை வெச்சிருக்கே?"

"கதை ஒண்ணுமில்ல சார். தப்பு என்னோடதுதான். இந்த வாரத்துல கடனை முடிச்சு வண்டியை உங்க கடைக்கே அனுப்பச் சொல்றேன்."

"மாட்டினாதான் தப்புன்னு தெரியும் போல."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் தலை நிமிராமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

சொன்னபடியே அந்த வாரம் கார் வந்தது. கேக் பூசணம் பிடித்திருந்தது. "அந்தம்மா சம்பளத்துல முன்பணம் வாங்கி வந்து கட்டினாங்க" என்றான் வண்டியைக் கொண்டுவந்தவன்.

"பார்த்தீங்களா மாமா? நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்கினாத்தான் வழிக்கு வராங்க."

மாமனார் முன்னால் வைத்த காபி ஆடை கட்டி ஆறிப்போயிருந்தது.

"மாப்பிள்ளை, அந்தப் பணத்தை நாம அந்தப் பொண்ணுகிட்ட திருப்பிக் குடுத்துடணும்."

"நாம எதுக்கு மாமா?"

"வண்டியை வித்த அன்னிக்கே, பாக்கிக் கடனுக்கு உண்டான பணத்தை என்கிட்டயே விட்டுட்டுப் போச்சு. டியூட்டியை விட்டு வர முடியல, நீங்களே கட்டிடுங்க அங்கிள்னு. நான்தான் கட்டல."

"அந்தப் பணத்தை என்ன பண்ணீங்க?"

"கட்டத்தான் எடுத்து வெச்சிருந்தேன். அதுக்குள்ள நீங்க, புது ஓவனுக்குப் பணம் வாங்கிட்டு வந்தா வா, இல்லாட்டி அங்கயே இருந்துக்கோன்னு என் பொண்ணை அனுப்பி வெச்சீங்க. அன்னிக்கு என் கையில வேற பணம் இல்ல மாப்பிள்ளை."

உள்ளே அந்த ஓவனில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. அவரால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை.

தரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அவ்வளவு பேச்சு பேசினேனே... அந்தப் பொண்ணு அங்கயே உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்லும்? மாப்பிள்ளைக்குப் பக்கத்துல நான் நின்னுட்டிருந்தேனே."