கையுறை கழற்றாதவன்

“கையுறையைக் கழற்றுடா!” என்று கத்தினான் கோபால்.

தமிழில்தான் கத்தினான். பத்தாயிரம் பேர் இங்கிலீஷில் கூச்சல் போடும் அரங்கத்தில் ஒருவன் எந்த மொழியில் கத்தினால் என்ன?

கீழே பனித்தரையில் ஹாமில்ட்டன் அணியின் மெக்ரே தன் கையுறைகளை உதறிப் போட்டுவிட்டு, முஷ்டியை மடக்கிக்கொண்டு ரைமோவைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

ஐஸ் ஹாக்கியில் அடிதடிக்கும் ஒரு மரியாதை உண்டு. இரண்டு பேரும் கையுறையைக் கழற்றி எறிந்தால்தான் அது சண்டை. கழற்றாதவன் கோழை.

ரைமோ கழற்றவில்லை.

மெக்ரே விட்ட குத்து வாயில் விழுந்தது. ரைமோ உதட்டு ரத்தத்தைச் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றான்.

நடுவர் மெக்ரேயை ஐந்து நிமிடம் வெளியே உட்காரவைத்தார். அந்த ஐந்து நிமிடத்துக்குள் ரைமோ ஒரு கோல் போட்டான். கைதட்டல் வந்தது, மகா கஞ்சத்தனமாக.

ரைமோ பின்லாந்துக்காரன். பாத்தர்ஸ்ட் தெருவில் கோபாலுக்கு மேல்தளத்தில் குடியிருப்பவன். இந்த 1976 சீசனுக்குத்தான் டொரண்டோ அணி அவனைக் கூட்டிவந்திருந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டத்துக்கு மூன்றாம் வரிசையில் இரண்டு டிக்கெட் கொடுத்தவனும் அவன்தான்.

நேற்றைய பேப்பரில் அவனுடைய மேனேஜர் சொல்லியிருந்தார்: நாளை நடக்கும் தொடரின் கடைசி ஆட்டத்திலும் அவன் திருப்பி அடிக்காவிட்டால் ஹெல்சிங்கிக்கு விமானம் ஏற்றிவிடுவேன்.

அதைப் படித்ததிலிருந்தே கோபாலுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“வந்த ஊருக்கே ஓடுடா!” பின் இருக்கையிலிருந்து ஒரு கட்டம் போட்ட கோட்டுக்காரன் ரைமோவைப் பார்த்துக் கத்தினான்.

இது கோபாலுக்குப் பழக்கமான வசனம். ப்ளோர் சப்வே ரயில் பிளாட்பாரத்தில் கேட்டிருக்கிறான். ஒரு தடவை முதுகில் ஒரு தள்ளலும் சேர்ந்தே கிடைத்தது. அன்று பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய் உட்கார்ந்தான். எம்.இ. படித்துவிட்டுத் திருச்சியிலிருந்து வந்த மூன்று வருடத்தில் இப்படி எத்தனை பெட்டி மாறியிருப்பான் என்று அவனுக்கே நினைவில்லை.

அதனால்தான் ரைமோ அடிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டான். ஒரே ஒரு குத்து, தனக்கும் சேர்த்து.

அடுத்த தடவை அந்த ஆள் கத்தியபோது கோபால் எழுந்து திரும்பினான். ரைமோ எங்கேயும் போகமாட்டான் என்று இங்கிலீஷில் சொன்னான்.

பக்கத்தில் மனைவி வசுமதி சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். ஆட்டம் தொடங்கியதிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் வாரம் முழுக்க நர்ஸ் வேலை, களைத்திருக்கிறாள் என்று கோபால் விட்டுவிட்டான்.

ரைமோ இன்னொரு கோல் போட்டான். மெக்ரே இன்னும் இரண்டு முறை கையுறையை உதறினான்.

இரண்டு முறையும் ரைமோ சும்மா நின்றான். தலையைக் குனியவில்லை, ஒரு அடி பின்வாங்கவும் இல்லை.

“அடிடா, உனக்கு ரோஷமே இல்லையா?” கோபால் மறுபடியும் கத்தினான்.

டொரண்டோ மூன்றுக்கு இரண்டு என்று தோற்றது. அணி போட்ட இரண்டு கோலும் ரைமோ போட்டவை. அதற்காக யாரும் அவனை விட்டுவிடவில்லை. கோழை, கோழை என்று ராகம் போட்டுக் கத்தினார்கள். கோட்டுக்காரனின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

தொடர் முடிந்தால் இரண்டு அணிகளும் வரிசையில் நின்று கைகுலுக்கவேண்டும், வெறுங்கையால்.

ரைமோ இடது கையுறையைக் கழற்றினான். வலது லேசில் வரவில்லை. அக்குளில் இடுக்கிக்கொண்டு மெதுவாக இழுத்தான்.

உள்ளே மாவுக்கட்டு.

கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன.

ராகம் ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. பெஞ்சின் பின்னால் நின்ற மேனேஜர் வாயிலிருந்த சுருட்டை எடுத்தார்.

மெக்ரேயின் முறை வந்தது. கட்டைப் பார்த்துவிட்டு அவன் இடது கையை நீட்டினான்.

ரைமோ அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வலது கையை நீட்டியபடியே நின்றான். வரிசையே நகராமல் நின்றது.

கடைசியில் மெக்ரே வலது கையைக் கொடுத்தான். ரைமோ அதைப் பிடித்து, அழுத்தி, நன்றாகக் குலுக்கினான். மெக்ரேதான் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கோபால் மனைவியின் பக்கம் திரும்பினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“வியாழக்கிழமை எங்க கேஷுவால்டிக்குத்தாங்க வந்தாரு. கட்டுப் போட்டதே நான்தான்,” என்றாள். “கை ஒடிஞ்சது தெரிஞ்சா அன்னைக்கே ஊருக்கு ஏத்திருவாங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கேட்டாரு. உங்ககிட்டகூட நான் எப்படிச் சொல்றது?”



வசுமதி பின்பக்கம் திரும்பினாள். கோட்டுக்காரனைப் பார்த்து, வார்டில் அடம்பிடிக்கும் நோயாளியிடம் பேசுகிற குரலில், எழுந்து நில் என்று இங்கிலீஷில் சொன்னாள்.

அந்த ஆள் எழுந்து நின்றான். தொப்பியைக்கூடக் கழற்றினான்.

அவள் அதோடு முன்பக்கம் திரும்பவில்லை. அதே பார்வையோடு தன் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள்.

கோபாலும் எழுந்து நின்றான்.